பச்சை அறைக்கு நோய் வந்த வழி

எங்கள் சங்கத்து மலருக்கு வேலை அனுபவம் எழுதித் தரச் சொல்லி வீட்டுக்கு வந்தார்கள். "உணவகம், தொழிற்சாலை எல்லாரும் எழுதிப்போட்டினம் அக்கா. பாம்போட வேலை செய்தது எசனில நீங்கள் ஒராள்தான். எழுதித் தாங்கோ" என்றார்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். நீட்டி எழுத வராது. நடந்ததை எழுதுகிறேன்.

சொந்த இடம் மன்னார். இங்கே ஜெர்மனிக்கு, இந்த எசன் நகரத்துக்கு வந்து முதலில் அலுவலகங்கள் துடைத்தேன். பிறகு பாம்பு, ஓணான், ஆமை வைத்திருக்கும் ஒரு காப்பகத்தில் துடைக்க ஆள் தேவை என்றார்கள். ஒருவரும் போகவில்லை. நான் போனேன். எனக்குப் பாம்பில் பயமும் இல்லை, பாசமும் இல்லை. முதலில் தரை துடைத்தேன். பிறகு பெட்டி துடைத்தேன். பிறகு பாம்பைப் பிடிக்கச் சொன்னார்கள். பிடித்தேன். ஓய்வு எடுக்கும் வரை அங்கேதான்.

இந்த நாட்டில் சனம் வீட்டில் பாம்பு வளர்க்கும். குட்டியாக வாங்குவார்கள். அது வளரும். வளர்த்தவர் வீடு மாறுவார், அல்லது கலியாணம் முறியும், அல்லது செத்துப்போவார். பிறகு அந்தப் பாம்பு எங்களிடம் வரும். சிலதைப் பொலிஸ் கொண்டுவரும். வரும்போது எல்லாம் நல்ல பாம்பு, சுகமான பாம்பு என்றுதான் சொல்லித் தருவார்கள்.

நாய்க்கு நோய், வருத்தம் என்றால் முகத்தில் தெரியும். பாம்பு முகத்தில் ஒன்றும் தெரியாது. இருமாது, முனகாது. தின்னாமல் கிடந்தாலும் அது வருத்தமோ வழமையோ என்று தெரியாது. அதனால் எங்கள் வேலையில் பாதி சந்தேகம்தான். வருவது எல்லாவற்றையும் சந்தேகப்பட வேண்டும். கொண்டுவருகிறவரையும் சேர்த்து.

அதை எனக்குப் பழக்கியவர் டொக்டர் ஹார்ட்விக். காப்பகத்தின் பொறுப்பு அவர்தான். உயரமான பெண். தலைமயிரை ஒட்ட வெட்டியிருப்பார். வந்தவருக்குக் கை கொடுக்க மாட்டார். ஒரே கேள்வியை மூன்று இடத்தில் கேட்பார். வாசலில் கேட்பார்: "வீட்டில் வேறு பாம்பு இருக்கிறதா?" இல்லை என்பார்கள். பாம்பை நிறுக்கும்போது வேறு எதையோ கதைத்துக்கொண்டே திரும்பவும் கேட்பார். இல்லை என்பார்கள். அவர்கள் கோட்டை மாட்டிக்கொண்டு வெளிக்கிடும்போது கடைசியாகக் கேட்பார். அப்போது வரும்: "ஒரு சின்னது இருக்கிறது. ஆனால் அது வேறு அறையில்." டொக்டருக்குக் கோபம் வராது. தலையை ஆட்டுவார். அவ்வளவுதான்.

என்னை அவர் "ஃபிராவ் பிலோமினா" என்றே கூப்பிட்டார். ஃபிராவ் என்றால் திருமதி. பிலோமினா என் குடும்பப் பெயர் என்று நினைத்துவிட்டார். நானும் திருத்தவில்லை.

புதுப் பாம்பு வந்தால் செய்யும் வேலை எப்போதும் ஒன்றுதான். பெட்டியில் மண், மரத்தூள் ஒன்றும் போடுவதில்லை. வெள்ளைக் கடதாசி மட்டும். ஈர வெள்ளைத் துணியால் கழுத்திலிருந்து வால் வரை மெதுவாகத் துடைத்துத் துணியைப் பார்க்க வேண்டும். மிளகுத்தூள் மாதிரிக் கறுப்புப் புள்ளி இருந்தால் சிற்றுண்ணி. அது பாம்பின் இரத்தம் குடிக்கிற பூச்சி. கண்ணைச் சுற்றியும் தாடைச் செதிலுக்குள்ளும் ஒளித்திருக்கும். தண்ணீர்க் கோப்பையின் அடியிலும் செத்துக் கிடக்கும். பிறகு வாயைத் திறந்து நுரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடைசியாகப் பாம்பை மல்லாக்கப் போட வேண்டும். சுகமான பாம்பு உடனே புரண்டுவிடும். வருத்தக்காரப் பாம்பு அப்படியே கிடக்கும். எது மேல், எது கீழ் என்று அதற்குத் தெரியாது. சிலது தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

அந்தக் கடைசி அடையாளம்தான் நாங்கள் பயந்தது. அது ஒரு வைரஸ். போவா என்கிற தென்னமெரிக்கப் பாம்புக்குள் அது வருடக்கணக்கில் சத்தமில்லாமல் இருக்கும். போவா தின்னும், வளரும், குட்டி போடும். அதே வைரஸ் மலைப்பாம்புக்குள் போனால் நரம்பில் பிடிக்கும். மருந்து இல்லை. ஊசி போட்டு முடிக்க வேண்டியதுதான். ஒன்றிலிருந்து மற்றதுக்கு அதைக் கொண்டுபோவது சிற்றுண்ணி என்பது டொக்டரின் சந்தேகம். முழுதாக நிரூபித்தவர் இல்லை என்றும் அவரே சொல்வார்.

இப்போது வாய்க்குள் பஞ்சுக் குச்சியால் ஒற்றித் தபாலில் ஆய்வுகூடத்துக்கு அனுப்புகிறார்கள். பதில் கணினியில் வருகிறது. புதிதாக வேலைக்கு வந்தவர்கள், "பிறகேன் மல்லாக்கப் போட்டுப் பார்க்கிறீர்கள்?" என்று என்னைக் கேட்டார்கள். பதில் "இல்லை" என்று வந்த பாம்பு சில மாதம் கழித்து "இருக்கிறது" என்று வந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதனால் போட்டுப் பார்த்தேன்.

காப்பகத்தில் மூன்று அறை. பச்சை அறையில் சுகமான பாம்புகள். மஞ்சள் அறையில் சிகிச்சை. சிவப்பு அறையில் புதிதாக வந்தவையும் சந்தேகமானவையும். காலையில் பச்சையில் தொடங்கிச் சிவப்பில் முடிக்க வேண்டும். சிவப்புக்குள் போனவர் அன்று திரும்பப் பச்சைக்குள் போகக் கூடாது. ஒவ்வோர் அறைக்கும் பாம்பைத் தூக்க வேறு கொக்கி, வேறு மேலங்கி, அந்த அறையின் நிறத்தில் றப்பர்ச் செருப்பு. ஒவ்வொரு வாசலுக்கு உள்பக்கமும் கிருமிநாசினித் தட்டு. அதில் மிதித்துத்தான் உள்ளே போகலாம், மிதித்துத்தான் வெளியே வரலாம்.

என் கடைசி வருடங்களில் தாசன் வந்து சேர்ந்தான். கிளிநொச்சிப் பக்கம். நாற்பது வயது தாண்டியவன். மனைவி ஊரில். அவளைக் கூப்பிடுகிற அன்ட்ராக்குக்கு, அதுதான் விண்ணப்பத்துக்கு, அவனுக்கு நிரந்தர வேலை வேண்டும். என்னிடம் வந்து கேட்டான். டொக்டரிடம் சொன்னேன். ஆறு மாதம் பார்த்துச் சொல்கிறேன் என்றார்.

தாசன் நல்ல வேலைக்காரன். ஆனால் பாம்பு என்ற சொல் அவன் வாயில் வராது.

"அக்கா, மூண்டாம் பெட்டிக்காரர் இண்டைக்கும் சாப்பிடேல்லை."

"ஆரடா மூண்டாம் பெட்டிக்காரர்? எலியைப் போட்டனியோ?"

"போட்டன். அவர் திரும்பியும் பாக்கேல்லை. வெள்ளிக்கிழமை எண்டபடியாலோ தெரியாது."

"ஓம், விரதம். நீ போய் அவருக்குப் பாயாசம் காய்ச்சு."

சிரிப்பான். ஆனால் "அவர்" என்பதை விடமாட்டான். அவர்கள் ஊரில் நாகதம்பிரான் கோவில், பாம்பைக் கும்பிடுகிற இடம். நான் வேதக்காரி, மாதா கோவிலுக்குப் போகிறவள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

சனிக்கிழமைகளில் குரூசே என்ற கிழவர் வருவார். சுரங்கத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். முதியோர் குடியிருப்புக்குப் போனதால் தன் மலைப்பாம்பை எங்களிடம் விட்டவர். பாம்பின் பெயர் பெர்டா. அது பச்சை அறையில் இருந்தது. டொக்டர் அவருக்கு மட்டும் அனுமதி கொடுத்திருந்தார். கை கழுவி, பச்சைச் செருப்புப் போட்டு, பெர்டாவை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பார். எழும்பும்போது நன்றி என்பார். வேறு கதை இல்லை.

ஒரு வியாழக்கிழமை காலை பச்சை அறையில் கடைசி வரிசை மலைப்பாம்பு ஒன்று கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. கண்ணாடியில் தட்டினேன். தலை இறங்கவில்லை. எடுத்து மல்லாக்கப் போட்டேன். கிடந்தது. பக்கத்துப் பெட்டியின் தண்ணீர்க் கோப்பையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அடியில் கறுப்புப் புள்ளிகள்.

டொக்டரைக் கூப்பிட்டேன். வந்து பார்த்தார். கதவைச் சாத்தினார். எல்லாப் பாம்பிலும் மாதிரி எடுத்தோம். முடிவு வந்தபோது பச்சை அறையில் நாலு மலைப்பாம்புக்கு வைரஸ். அதில் ஒன்று பெர்டா. சிவப்பு அறையில் பொலிஸ் கொண்டுவந்த ஒரு போவா இருந்தது. அதற்கும் இருந்தது.

டொக்டர் என்னையும் தாசனையும் நிற்க வைத்துச் சொன்னார்: "இது வந்த வழி எனக்குத் தெரிய வேண்டும். வழி திறந்தே இருந்தால் இன்றைக்கு நான் காப்பாற்றுகிற பாம்புக்கும் நாளைக்கு வரும். அடுத்த கிழமைக்குள் வழி தெரியாவிட்டால் பச்சை அறை முழுவதையும் நித்திரையாக்குவேன்." அவர் நித்திரையாக்குவது என்பார். எனக்கு அது கொல்வதுதான். அந்த அறையில் முப்பதுக்கு மேல் இருந்தன.

எனக்கு முதலில் சந்தேகம் வந்த ஆள் குரூசே. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பாம்புச் சந்தைகளுக்குப் போவது எனக்குத் தெரியும். டொக்டரிடம் சொன்னேன். சனிக்கிழமை கிழவர் வந்தார். டொக்டர் வாசலில் கேட்டார்: "வேறு பாம்பு எதையும் தொட்டீர்களா?" இல்லை என்றார். கை கழுவும் இடத்தில் கேட்டார். இல்லை. உள்ளே விட முடியாது என்று சொல்லி, அவர் கோட்டைத் திரும்ப மாட்டும்போது கேட்டார்.

"ஒன்றைக் கையில் வைத்திருந்தேன். ஒரே ஒரு நிமிடம். பெர்டாவின் குட்டிக் காலம் மாதிரி இருந்தது."

"இனி நீங்கள் வர வேண்டாம்" என்றார் டொக்டர்.

கிழவர் கோட்டின் பொத்தான்களைக் கீழிருந்து மேலே போட்டார். போய்விட்டார். பெர்டாவுக்கு வருத்தம் என்று அவருக்கு நாங்கள் சொல்லவில்லை.

பின்னேரம் டொக்டர் என்னைக் கூப்பிட்டார். ஆய்வுகூடத்திலிருந்து இன்னொரு பதில் வந்திருந்தது. பச்சை அறை வைரஸும் சிவப்பு அறைப் போவாவின் வைரஸும் ஒரே வகை. கிழவர் சிவப்பு அறைக்குள் போனதே இல்லை. முதலில் விழுந்த பாம்பு கடைசி வரிசை. கிழவர் அந்தப் பக்கம் நடந்ததும் இல்லை.

"சிவப்புக்குள் போகிறவர்கள் மூன்று பேர்" என்றார் டொக்டர். என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன்.

பிறகு அவர் மூன்று பேருடைய செருப்புகளையும் கொண்டுவரச் சொன்னார். இரும்பு மேசையில் கவிழ்த்து அடுக்கினார். டொக்டருடைய சிவப்புச் செருப்பு அடியில் வெளிறியிருந்தது. என்னுடையதும் அப்படித்தான். கிருமிநாசினி நிறத்தைத் தின்றுவிடும். தாசனுடையது கடையில் வாங்கிய மாதிரிச் சிவப்பாக இருந்தது. பச்சையும் அப்படித்தான்.

"தட்டில் மிதிப்பதில்லை. தாண்டிப் போகிறார். சோம்பேறி" என்றார் டொக்டர்.

"சோம்பேறி இல்லை" என்றேன்.

"அப்படியென்றால் என்ன?"

அவனைக் கேட்கப் போனேன். டொக்டர் விடவில்லை. "கேட்டால் ஒரு பதில் வரும். முதலில் பார்ப்போம்" என்றார்.

திங்கட்கிழமை காலை மஞ்சள் அறைக்குள் நின்று கதவுக் கண்ணாடியால் பார்த்தோம். தாசன் வந்தான். மேலங்கி போட்டான். பச்சைச் செருப்பைப் போட்டான். பச்சை அறை வாசல் வரை நடந்தான். கதவைத் திறந்தான். செருப்பைக் கழற்றி வாசலுக்கு வெளியே சோடியாக வைத்தான். வலது கையை நெஞ்சில் வைத்தான். தட்டைத் தாண்டி உள்ளே போனான். காலில் சாம்பல் நிறக் கம்பளிக் காலுறை.

"என்ன செய்கிறார்?" என்றார் டொக்டர்.

"செருப்பைக் கழற்றுகிறார்."

"தெரிகிறது. ஏன்?"

"உங்கள் ஆண்கள் கோவிலுக்குள் போனால் தொப்பியைக் கழற்றுவார்கள் அல்லவா? அதுதான்."

நான் போய்த் தாசனை வெளியே கூப்பிட்டேன்.

"தாசன், சிவப்பு அறைக்கையும் இப்பிடித்தானோ போறனி?"

"எல்லா அறைக்கையும் அப்பிடித்தான் அக்கா. செருப்போட அவருக்கு முன்னால நிக்கேலாது."

"என்னோட வரேக்க போட்டுக்கொண்டுதானே நிண்டனி?"

"நீங்கள் நிக்கேக்க போடுவன். நீங்கள் வேதக்காரர். பகிடி பண்ணுவியள்."

"உந்தச் சொக்ஸை எப்ப மாத்துறனி?"

"கம்பளிதானே அக்கா. கிழமைக்கு ஒருக்காத் தோய்ப்பன். மணக்காது."

பாம்பு அறைத் தரை குளிர். அதற்காகத்தான் கம்பளி. சிவப்பு அறையில் அன்றைய வேலையை முடித்து, அதே காலுறையோடு வீட்டுக்குப் போய், மறுநாள் காலை அதே காலுறையோடு பச்சை அறையில் தொடங்குவான். எங்கள் ஒழுங்கு முழுவதும் சரியாகத்தான் இருந்தது. அது செருப்புக்குப் போட்ட ஒழுங்கு.

டொக்டர் காலுறையைக் கழற்றித் தரச் சொன்னார். வெள்ளைக் கடதாசி விரித்து அதன் மேல் உதறினார். உருப்பெருக்கியை வைத்துக் குனிந்தார். நெடுநேரம் நிமிரவில்லை. பிறகு விலகி என்னைப் பார்க்கச் சொன்னார். கம்பளி நூலுக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. அது நடந்தது.

தாசனும் பார்த்தான்.

"நானோ அக்கா?"

"ஓம்."

"எத்தினை பேருக்கு?"

"நாலு."

வெறுங்காலோடு தரையில் குந்திவிட்டான். அழவில்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்காலைப் பிடித்துக்கொண்டான்.

டொக்டர் அவனிடம் கேட்டார்: "இன்றைக்கு மட்டும் கழற்றினீர்களா?" நான் தமிழில் சொன்னேன். இல்லை, வந்த நாளிலிருந்து என்றான். மஞ்சள் அறைக்கு நடக்கும்போது திரும்பவும் கேட்டார். வந்த நாளிலிருந்து என்றான். பின்னேரம் அவன் கோட்டை மாட்டும்போது மூன்றாம் முறை கேட்டார். அதே பதில்.

"இந்த வாசலில் மூன்று முறையும் ஒரே பதில் சொன்னவரை நான் அதிகம் பார்த்ததில்லை" என்று டொக்டர் என்னிடம் சொன்னார். புகழவில்லை. அந்த நேரத்திலும் அவர் அவனைச் சந்தேகமாகத்தான் பார்த்தார்.

வழி தெரிந்ததால் அறை தப்பியது. நாலு மலைப்பாம்பையும் போவாவையும் மட்டும் முடிப்பது, மற்றவற்றைத் தனித்தனியாக வைத்துச் சில மாதம் கழித்துத் திரும்பப் பார்ப்பது என்று முடிவு. ஊசி போடும் நாளில் பாம்பைப் பிடிக்க ஆள் வேண்டும். நான்தான் வழமையாகப் பிடிப்பேன். தாசன் முன்னுக்கு வந்தான்.

"நான் பிடிக்கிறன் அக்கா."

"ஏலுமோ உனக்கு?"

"ஏலாது. ஆனாப் பிடிக்கிறன்."

அன்றைக்கு டொக்டர் அவன் காலைக் கிருமிநாசினியால் கழுவிவிட்டு வெறுங்காலோடு நிற்க விட்டார். ஐந்தையும் அவனே பிடித்தான். பெர்டா கடைசி. அதன் தலை கூரையைப் பார்த்துத் திரும்பியபடியே இருந்தது. அவன் தன் உள்ளங்கையை அதன் தாடைக்குக் கீழே வைத்துத் தாங்கினான். அடங்கும் வரை எடுக்கவில்லை.

கை கழுவி முடித்ததும் டொக்டர் அவனிடம் சொன்னார்: "நாளைக்கு ஏழு மணிக்கு வாருங்கள். காலுறை இல்லாமல்."

ஆனால் வெறுங்காலோடு வேலை செய்யச் சட்டம் விடாது. கண்ணாடி உடைந்தால் யார் பொறுப்பு என்ற பிரச்சினை. டொக்டர் காலில் மாட்டுகிற மெல்லிய கடதாசி உறைகள் ஒரு பெட்டி நிறைய வாங்கி வைத்தார். ஒரு அறைக்குப் போட்டுவிட்டு எறிந்துவிடுவது. தாசன் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது செருப்போ அக்கா?"

"கடதாசியடா."

"செருப்பு மாதிரி அடி இல்லைத்தானே?"

"இல்லை."

"அப்ப சரி."

கண்ணாடி உடைந்தால் கடதாசி என்ன செய்யும் என்று நானும் கேட்கவில்லை, டொக்டரும் கேட்கவில்லை. ஆறு மாதம் முடிய அவனுக்கு நிரந்தர வேலை கிடைத்தது. மனைவி வந்துவிட்டாள். நான் ஓய்வு எடுக்கும் வரை தினமும் காலையில் அவன் காலைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டேன். அவனும் கோபிக்காமல் காட்டினான்.

குரூசேயின் விஷயம் மிச்சம் இருந்தது. டொக்டர் கடிதம் போடலாம் என்றார். நான் போகிறேன் என்றேன். கிழவர் பெயரைச் சந்தேகத்தில் முதலில் சொன்னவள் நான்.

டிராமில் போனேன். முதியோர் குடியிருப்பு, மூன்றாம் மாடி. மணி அடித்தேன். கிழவர் சங்கிலி போட்டபடி கதவைக் கொஞ்சம் திறந்தார்.

"என் கையைச் சோதிக்க வந்தீர்களா?"

"இல்லை. பெர்டா செத்துவிட்டது. வருத்தம் வந்தது. ஊசி போட்டோம்."

எனக்கு வேறு விதமாகச் சொல்ல வராது. கிழவர் சங்கிலியைக் கழற்றினார். உள்ளே வரச் சொல்லவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்னாலா?"

"இல்லை. உங்களால் இல்லை."

"யாரால்?"

சொன்னேன். அறை, செருப்பு, காலுறை, பூச்சி எல்லாம் சொன்னேன். என் ஜெர்மன் அதற்குப் போதும்.

"ஏன் கழற்றினான்?"

"மரியாதை. அவனுக்குப் பாம்பு கடவுள் மாதிரி."

கிழவர் அதை நம்பினாரோ தெரியாது. என் முகத்தையே பார்த்தார். நான் அவனைக் காப்பாற்றக் கதை சொல்கிறேன் என்று நினைத்திருக்கலாம். நானாக இருந்தால் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

"கடைசியில் யார் பிடித்தது?" என்று கேட்டார்.

"அவன்தான்."

"செருப்போடா?"

"இல்லை."

தலையை ஆட்டினார். தன் காலில் கிடந்த செருப்பைப் பார்த்து, "எனக்கு அது தோன்றியதே இல்லை" என்றார். எதைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

சனிக்கிழமை மற்றப் பாம்புகளைப் பார்க்க வரலாம், டொக்டர் சொல்லச் சொன்னார் என்றேன். அவர் கதவைச் சாத்தினார். நான் மின்தூக்கிக்கு நடந்தேன். பின்னால் சங்கிலியைத் திரும்பவும் போடும் சத்தம் கேட்டது.